பிறந்த நாளை மறந்தவர்கள்

சமையலறைப் பண்டங்களுக்கும் கலையுலகச் சரக்குகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. உப்பில் ஊறிய நாரத்தங்காய் வருஷக் கணக்கில் கெடாது. நாளாக ஆக ருசியும் ஏறும். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியோ மாலைக்குள் ஊசிப் போய்விடும். சோக ரஸம் நாரத்தங்காய் ஜாதி. ஹாஸ்ய ரஸம் சட்னி ஜாதி. பாட்டனார் காலத்து ஜனங்களைக் கண்ணீர் விடச் செய்த கதை இன்றும் நம் நெஞ்சை உருக்குகிறது. அதே காலத்தில் அவர்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த கதையைப் படித்தாலோ, 'இதற்கா சிரித்தார்கள்?' என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சாவும், பிரிவும், பசியும் எந்தக் காலத்தவரையும் அழ வைப்பவை. சிரிப்போ ஓர் உடன்படிக்கையின் மேல் நிற்பது. 'இன்னாரைப் பார்த்துச் சிரிக்கலாம், அவருக்கு வலிக்காது, வலித்தாலும் பாதகமில்லை' என்று கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் வாய் திறவாமலே ஒப்புக்கொண்டால்தான் சிரிப்பு எழும். அந்த உடன்படிக்கை குலைந்துவிட்டால், முன்பு சிரித்த இடத்தில் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மௌனமாக இருக்க வேண்டியதுதான்.

இந்த உண்மைக்கு ஒரு நல்ல உதாரணம், அமெரிக்காவில் 1984-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி வெளியான 'ஸிக்ஸ்டீன் காண்டில்ஸ்' என்னும் படம். 'பதினாறு மெழுகுவர்த்திகள்' என்பது பெயரின் பொருள். ஹைஸ்கூல் மாணவ மாணவிகளின் காதலையும் கலகலப்பையும் பற்றிய வேடிக்கைக் கதை. சுமார் 65 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, இரண்டு கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. ஒரு தலைமுறை அமெரிக்க இளைஞர்கள் அதைத் தங்கள் சொந்தக் கதையாகவே கொண்டாடினார்கள். அப்படிப்பட்ட படத்தை இன்று பார்ப்பவர்களில் பலர் பாதியில் நெளிகிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

கதை இது

மேனாட்டார் பிறந்த நாளன்று கேக்கின் மேல் வயதுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றி, மனத்துக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு, ஒரே மூச்சில் ஊதி அணைப்பது வழக்கம். அவற்றில் பதினாறாவது பிறந்த நாளுக்கு அமெரிக்கப் பெண்களிடையே தனி மவுசு. அங்கே பல மாகாணங்களில் மோட்டார் ஓட்ட லைசென்ஸ் கிடைப்பதும் அந்த வயதில்தான். குழந்தைப் பருவம் போய்க் குமரிப் பருவம் வந்துவிட்டது என்று ஊரறியச் சொல்லும் நாள் அது.

சமந்தா பேக்கர் என்னும் பெண்ணுக்கு அந்த நாள் வருகிறது. ஆனால் மறுநாள் அவளுடைய தமக்கைக்குக் கல்யாணம். கல்யாண அமளியில் தாய், தந்தை, தம்பி, தங்கை அனைவரும் அவள் பிறந்த நாளை அடியோடு மறந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கும் ஞாபகம் இல்லை. போதாக்குறைக்கு, வெளிநாட்டிலிருந்து படிக்க வந்திருக்கும் லாங் டக் டாங் என்ற ஆசிய மாணவனையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பில் படிக்கும் ஜேக் ரயன் என்பவன் மேல் சமந்தாவுக்கு ரகசியமான காதல். ஜேக் பணக்கார வீட்டுப் பிள்ளை, அழகன், ஊரார் மெச்சும் உத்தமன். அவனுக்குக் காரலைன் என்ற பேரழகி ஏற்கெனவே சிநேகிதியாக இருக்கிறாள். இன்னொரு பக்கம், டெட் என்ற பொடியன் சமந்தாவை விடாமல் தொந்தரவு செய்கிறான். அன்று இரவு பள்ளியில் நடனம். பிறகு ஜேக்கின் மாளிகையில் ஒரு பெருங்குடிக் கேளிக்கை. இத்தனை குழப்பமும் தீர்ந்து, மறுநாள் மாலை ஜேக்கும் சமந்தாவும் எதிரெதிரே அமர்ந்திருக்க, நடுவில் பதினாறு மெழுகுவர்த்திகள் ஒளிவிட, படம் முடிகிறது.

மெச்ச வேண்டியதை மெச்சுவோம்

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்வது நியாயம். கதையை எழுதிப் படத்தை இயக்கிய ஜான் ஹியூஸ் சிகாகோ நகரில் விளம்பரம் எழுதிப் பிழைத்தவர். பிறகு 'நேஷனல் லாம்பூன்' என்ற கேலிப் பத்திரிகையில் எழுதியவர். அவர் இயக்கிய முதல் படம் இதுவே. மோலி ரிங்வால்ட் என்னும் இளம் நடிகையின் புகைப்படத்தை எதிரே மாட்டி வைத்துக்கொண்டு இந்தக் கதையை எழுதினார் என்பார்கள். அந்த நடிகையே சமந்தாவாக நடித்தாள். படப்பிடிப்பின்போது அவளுக்கு வயது பதினைந்துதான். இருபத்தைந்து வயது நங்கைகளுக்குச் சடை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடப் பெண் என்று காட்டும் ஹாலிவுட் வழக்கத்தில் இது ஒரு புதுமை.

அதைவிடப் பெரிய புதுமை, அந்தப் பெண்ணின் மனத்தை ஹியூஸ் மதித்தது. பிறந்த நாளை மறந்தது உலகம் முழுகிப் போகிற விஷயமா? இல்லை. ஆனால் பதினாறு வயதில் அது உலகம் முழுகியதற்குச் சமானந்தான். நடு இரவில் சமந்தாவின் தந்தைக்குத் திடீரென்று ஞாபகம் வருகிறது. தூங்காமல் எழுந்து வந்து மகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவள் மனத்தாங்கலைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடாமல், சரிசமமாக உட்கார்ந்து பேசுகிறார். பால் டூலி என்ற நடிகர் அந்தக் காட்சியில் காட்டியிருக்கும் பரிவு இன்று பார்த்தாலும் கண்ணைக் கசிய வைக்கும். பள்ளிக்கூடத்து மோட்டார்ப் பட்டறையில், பாதி கட்டிய காருக்குள் அமர்ந்து டெட்டும் சமந்தாவும் மனம் விட்டுப் பேசும் காட்சியும் அப்படியே. ஜம்பம் அடித்துக்கொண்டிருந்த பையனின் உள்ளே இருக்கும் பயந்த குழந்தை அங்கே ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது.

ஆகவே, படத்தின் தாத்பரியம் இதுதான்: ஒரு மனுஷியை மறப்பது பாவம், அவளும் அங்கே இருக்கிறாள், அவளுக்கும் மனம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நல்ல தாத்பரியம். படம் தானே விதித்த இந்தத் தர்மத்தைத் தானே காப்பாற்றியதா என்பதுதான் கேள்வி.

காரலைன் வீட்டுக்கு எப்படிப் போனாள்?

ஜேக்கின் மாளிகைக் கேளிக்கையில் காரலைன் மட்டு மீறிக் குடித்துவிட்டு நினைவு தப்பும் நிலையில் இருக்கிறாள். அவள் மேல் ஜேக்குக்கு இப்போது பிரியமில்லை. மனம் சமந்தாவை நாடுகிறது. சமையலறையில் டெட்டோடு பேசிக்கொண்டிருக்கும்போது, தான் நினைத்தால் மயங்கிக் கிடக்கும் காரலைனைப் பத்து விதமாகக் கெடுத்துவிடலாம் என்று ஜேக் சர்வ சாதாரணமாகச் சொல்கிறான். பிறகு ஒரு வியாபாரம் நடக்கிறது. டெட்டிடம் சமந்தாவின் உள்ளாடை ஒன்று இருக்கிறது. பந்தயத்தில் ஜயிப்பதற்காக அவளிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, பள்ளிக் கழிப்பறையில் மற்றப் பையன்களிடம் காசு வாங்கிக்கொண்டு காட்டி முடித்த உள்ளாடை. அதை ஜேக்கிடம் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு, ஜேக்கின் தகப்பனாருடைய ரோல்ஸ் ராய்ஸ் காரில் காரலைனை டெட் அழைத்துப் போகலாம். டெட்டுக்கோ மோட்டார் ஓட்டும் வயது கூட ஆகவில்லை. பக்கத்தில் இருப்பவன் யார் என்று அவளுக்குத் தெரியப் போவதில்லை என்பதும் பேச்சில் வருகிறது.

வழியில் டெட் தன் நண்பர்களைச் சந்தித்து, நினைவில்லாத அந்தப் பெண்ணோடு தான் இருப்பதைப் புகைப்படம் எடுக்கச் சொல்கிறான். வெற்றிக்கு அத்தாட்சி வேண்டுமே! பொழுது விடிகிறது. இருவரும் காரில் விழித்துக்கொள்கிறார்கள். இரவு என்ன நடந்தது என்பது இருவருக்கும் சரியாக நினைவில்லை. நடந்திருக்கும் என்று அவள் நினைக்கிறாள். உனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று பையன் கேட்கிறான். இருந்தது போலத்தான் தோன்றுகிறது என்று அவள் பதில் சொல்கிறாள். கொட்டகையில் சிரிப்பு. விஷயம் முடிந்தது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் காரியத்தைச் செய்தவன் கதையின் துஷ்டன் அல்ல. ஜேக் ரயன் கதாநாயகன். லட்சக் கணக்கான பெண்கள் 'இப்படி ஒருவன் நமக்கு வாய்க்க மாட்டானா?' என்று ஏங்கிய உத்தம புருஷன். துஷ்டன் துஷ்டத்தனம் செய்தால் பார்க்கிற பையனுக்குத் தீங்கில்லை. அவனை வெறுக்கக் கற்றுக்கொள்வான். நல்லவன் என்று படம் முத்திரை குத்திய ஒருவன் ஒரு பெண்ணை மூட்டையைப் போல் மற்றொருவன் கையில் ஒப்படைத்தால், நல்லவர்களும் இப்படித்தான் போலும் என்ற பாடம் ஓசையில்லாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. படம் கெட்டுப் போன இடம் இதுவே.

"அவள் குடித்தாளே, குற்றம் அவளுடையது அல்லவா?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். குடித்தது பிசகு என்றே வைத்துக்கொள்வோம். குடித்தவன் சாக்கடையில் விழுந்தால் அவனைத் தூக்கிவிடுவதுதான் மனிதத்தனம். அவன் மடியிலிருக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு, "குடித்தது உன் குற்றம்" என்று சொன்னால் திருட்டு திருட்டு இல்லாமல் போய்விடுமா?

சேகண்டி ஓசை

இனி லாங் டக் டாங்கின் கதை. இந்தப் பெயர் எந்தத் தேசத்துப் பெயர்? எந்தத் தேசத்துப் பெயரும் அல்ல. அமெரிக்கக் காதில் வேடிக்கையாக விழ வேண்டும் என்பதற்காகவே சேர்த்த மூன்று ஓசைகள். அவன் திரையில் தலை காட்டும்போதெல்லாம் பின்னணியில் சேகண்டி அடிக்கிறார்கள். அவன் உருண்டு விழுகிறான். கொச்சை இங்கிலீஷ் பேசுகிறான். தன்னைவிட ஒரு முழம் உயரமான பெண்ணின் மேல் சாய்ந்து ஆடுகிறான். குடித்துவிட்டுக் கல்யாண வீட்டு வாசற்புல்லில் கிடக்கிறான். ஊரை விட்டு, தாய் தகப்பனை விட்டு, பாஷை புரியாத தேசத்தில் யாரோ ஒரு கிழத் தம்பதியின் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குப் பிறந்த நாள் என்று ஒன்று உண்டா, அதை அங்கே நினைப்பார் உண்டா என்று படம் ஒரு கணமாவது யோசிக்கவில்லை.

அந்த வேஷத்தில் நடித்த கெட்டி வாட்டனபே யூட்டா மாகாணத்தில் பிறந்த அமெரிக்கர், ஜப்பானிய வம்சத்தவர். நல்ல நடிகர். அந்தக் கொச்சை உச்சரிப்பு அவருடையதல்ல, வேஷத்துக்காகப் போட்டுக்கொண்டது. அவரை நாம் குறை கூறுவதற்கில்லை. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஆசிய முகம் படைத்த நடிகனுக்குக் கிடைத்த வேஷங்கள் மிகச் சில. 1961-ல் வெளிவந்த 'பிரேக்பாஸ்ட் அட் டிபானீஸ்' என்ற படத்தில் ஜப்பானியர் வேஷத்தைக் கூட மிக்கி ரூனி என்ற வெள்ளைக்காரருக்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுத்தார்கள்.

வேஷம் கொட்டகையோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அது பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. 2008-ல் அமெரிக்கத் தேசியப் பொது வானொலி இந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பியது. இந்தப் படம் வந்த பிறகு, வெள்ளைக்காரப் பிள்ளைகள் நடுவே ஓரிருவராகப் படித்த ஆசிய வம்சத்துப் பையன்களுக்குச் சகமாணவர்கள் இந்தப் பெயரையே சூட்டிக் கூப்பிட்ட கதை அதில் வெளிவந்தது. சொந்தப் பெயர் இருக்க ஒரு பரிகாசப் பெயரைச் சுமந்துகொண்டு வருஷக் கணக்கில் பள்ளி சென்று வருவது லேசான காரியமல்ல.

"காலம் அப்படி" என்னும் வாதம்

இவ்விடத்தில் படத்தின் அபிமானிகள் ஒரு சமாதானம் சொல்வதுண்டு. "அந்தக் காலத்து மனிதர்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா? 1984-ல் யாருக்கும் இது தப்பு என்று தெரியாது" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் 1984-ம் வருஷத்தை நாம் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது.

படத்தின் கதை நடப்பது இல்லினாய் மாகாணத்தில், சிகாகோ நகரை அடுத்த ஓர் ஊரில். படப்பிடிப்பு நடந்ததும் அந்தப் பிரதேசத்திலேதான். அதே இல்லினாய் மாகாணத்தில், படம் வெளியாகி இரண்டு மாதம் ஆவதற்குள், 1984-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி, பலாத்காரத்தைப் பற்றிய பழைய சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. அறிந்து சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தும் அவரைத் தீண்டுவது குற்றம் என்று அந்தச் சட்டம் கூறியது. அடித்தும் பயமுறுத்தியும் செய்தால்தான் பலாத்காரம் என்பதில்லை. நினைவு தப்பிக் கிடப்பவளின் மௌனம் சம்மதம் ஆகாது என்பது அதன் கருத்து. ஆகவே 'யாருக்கும் தெரியாது' என்பது சரியல்ல. அந்த மாகாணத்துச் சட்டசபைக்குத் தெரிந்திருந்தது. ஸ்திரீகளின் உரிமைக்காகப் பல வருஷம் போராடியவர்களுக்குத் தெரிந்திருந்தது. திரைப்படம் எடுத்தவர்களின் காதில் மட்டும் அது விழவில்லை.

இதே ஜூலை 1-ந் தேதிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எச்சரிக்கும் புதிய தரம் அமெரிக்கத் திரைப்படத் தணிக்கை முறையில் அன்றுதான் புகுத்தப்பட்டது. அதற்குக் காரணமாக இருந்தவை வேறு படங்கள். மே மாதத்திலேயே வெளிவந்துவிட்ட நம் படமோ, பெற்றோரின் யோசனையுடன் எல்லாக் குழந்தைகளும் பார்க்கலாம் என்ற பழைய லேசான சீட்டுடன் ஊர் ஊராகச் சென்றது.

ஆசியர்களைப் பற்றிய விஷயமும் இப்படியே. சீனர்கள் குடியேறுவதைத் தடுக்க 1882-ல் அமெரிக்கா போட்ட சட்டம் 1943-ல் ரத்தாயிற்று. 1965-ம் வருஷச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவை அகலத் திறந்துவிட்டது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் மனம் மாறவில்லை. 1982 ஜூன் மாதத்தில் டெட்ராய்ட் நகரை ஒட்டி வின்சென்ட் சின் என்ற சீன வம்சத்து இளைஞர் தலையில் அடித்துக் கொல்லப்பட்டார். ஜப்பானிய மோட்டார்கள் வந்து அமெரிக்கத் தொழிலாளர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டன என்ற ஆத்திரம் ஊரெங்கும் கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. அவரைத் தாக்கிய இருவருக்கு 1983-ல் கிடைத்த தண்டனை என்ன? மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு. தலைக்கு 3,000 டாலர் அபராதம். ஒரு நாள் கூடச் சிறையில்லை. ஆசிய வம்சத்தவர்கள் கொதித்தெழுந்து ஊர்வலம் நடத்தினார்கள். அதற்கு அடுத்த வருஷம் வந்த படத்தில்தான் சேகண்டி அடிக்கிறது. ஹியூஸ் வேண்டுமென்றே பகைமை வளர்த்தார் என்று நாம் சொல்லவில்லை. பக்கத்து மாகாணத்தில் எழுந்த அழுகுரல் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்கிறோம்.

அந்தக் காலத்தில் வேறு விதமாக எடுக்க முடிந்திருக்குமா? முடிந்தது. 1982-ல், அதாவது இரண்டு வருஷம் முன்னதாகவே, ஆமி ஹெக்கர்லிங் என்ற பெண்மணி 'பாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை' என்ற படத்தை இயக்கினார். அதுவும் ஹைஸ்கூல் கதைதான். வேடிக்கை, விரசம் இரண்டும் அதிலும் உண்டு. ஆனால் ஓர் இளம் பெண் அவசரப்பட்டுக் கர்ப்பமாகி, காரணமானவன் கைவிட்டுவிட, அந்தத் துன்பத்தைத் தனியாக அனுபவிப்பதை அந்தப் படம் கேலி செய்யவில்லை. வைத்தியசாலை வாசலில் அவளுடைய அண்ணன் வந்து நின்று, திட்டாமல், குடையாமல், அவளைக் காரில் ஏற்றிக்கொள்கிறான். அவ்வளவுதான் காட்சி. அவள் அனுபவித்தது என்ன என்பதைப் படம் மறக்கவில்லை. ஆகவே குற்றத்தைக் காலத்தின் தலையில் சுமத்திவிட்டுக் கலைஞன் தப்பித்துக்கொள்ள முடியாது.

சமந்தாவே சாட்சி

இந்தப் படத்தை மிகக் கூர்மையாக விசாரித்தவர் வேறு யாருமல்ல. சமந்தாவாக நடித்த மோலி ரிங்வால்ட்தான். 2018 ஏப்ரல் மாதம் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் அவர் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஹியூஸின் இன்னொரு படத்தைத் தம் மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது, பழைய காட்சிகள் புதிய கண்ணுக்கு எப்படித் தோன்றுகின்றன என்ற விசாரம் அவருக்குப் பிறந்தது. காரலைனை ஜேக் கைமாற்றிக் கொடுக்கும் காட்சியின் முழுப் பொருளும் தமக்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று என்று அவர் மறைக்காமல் எழுதினார். காரலைனாக நடித்த ஹாவிலண்ட் மாரிஸுடன் பேசி, அவர் எண்ணங்களையும் சேர்த்தார். ஆயினும், தனிமையில் வாடிய எத்தனையோ இளைஞர்களுக்கு இந்தப் படங்கள் ஆறுதலாக இருந்ததையும் மறுக்கவில்லை. 2009-ல் காலமாகிவிட்ட ஹியூஸைப் பற்றி நன்றியோடுதான் எழுதினார். நன்றியும் நியாயமும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு அந்தக் கட்டுரை ஓர் அத்தாட்சி.

அதே 2018-ல் 'டு ஆல் த பாய்ஸ் ஐ'வ் லவ்ட் பிபோர்' என்ற இளைஞர் காதல் படம் வெளிவந்தது. கதாநாயகி கொரிய வம்சத்துத் தாய்க்குப் பிறந்தவள். அவள் தன் வீட்டில் 'பதினாறு மெழுகுவர்த்திகள்' படத்தைப் பார்க்கிறாள். கூட இருக்கும் பையன் டாங் பாத்திரத்தைக் கண்டு, இது ஆசியர்களை இழிவு செய்வதல்லவா என்று கேட்கிறான். சந்தேகமென்ன, மகா இழிவு என்று அந்த வீட்டுப் பெண்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பின் எதற்காக இந்தப் படம் பிடிக்கிறது என்றால், ஜேக் ரயனுக்காகவாம்! இந்தச் சிறு சம்பாஷணை நமக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது. முப்பத்து நாலு வருஷத்தில் டாங்கை நினைவுகூர ஆள் கிடைத்துவிட்டது. காரலைனை அங்கேயும் யாரும் நினைக்கவில்லை.

சிரித்துவிட்டுப் போக முடியாத காரியம்

'ஒரு பழைய படத்துக்கு இத்தனை விசாரணையா?' என்று சிலர் கேட்கலாம். 2012 ஆகஸ்டு மாதத்தில் ஓஹையோ மாகாணத்து ஸ்டூபன்வில் என்ற சிற்றூரில் ஓர் இரவுக் கேளிக்கை நடந்தது. அங்கே குடித்து நினைவு தப்பிய ஒரு பெண்ணை ஹைஸ்கூல் பந்தாட்ட வீரர்கள் இருவர் கெடுத்தார்கள். கூட இருந்தவர்கள் தடுப்பதற்குப் பதிலாகப் படம் எடுத்துத் தங்கள் டெலிபோன்களில் அனுப்பிக்கொண்டு சிரித்தார்கள். 2013 மார்ச்சு மாதத்தில் நீதிமன்றம் அந்த இருவரையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. அந்தப் பெண்ணுக்கு வயது பதினாறு. அந்தப் பையன்களைக் கெடுத்தது ஜான் ஹியூஸின் படம் என்று சொல்வது அசட்டுத்தனம். அப்படி நாம் சொல்லவில்லை. ஆனால் நினைவில்லாத பெண், கைமாற்றும் பையன்கள், அத்தாட்சிக்கு ஒரு புகைப்படம், சுற்றிலும் சிரிப்பு என்ற இந்த நான்கும் திரையில் ஒரு வேடிக்கையாக ஏற்கெனவே காட்டப்பட்டவை என்பதை மறந்துவிட முடியாது. எதைப் பார்த்துச் சிரிக்கப் பழகுகிறோமோ, அதைப் பார்த்துத் திடுக்கிடும் சக்தி நம்மிடம் குறைந்துவிடுகிறது.

சரி, இந்தப் படத்தை என்ன செய்வது? தீயில் போட வேண்டும் என்பது நம் அபிப்பிராயமல்ல. தந்தை நடு இரவில் மன்னிப்புக் கேட்கும் காட்சியை எரிக்க யாருக்கு மனம் வரும்? காட்சிகளை வெட்டிச் சுத்தம் செய்து காட்டுவதும் உசிதமல்ல. நோயை மறைத்தால் வைத்தியம் இல்லாமல் போகும். வளர்ந்த பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆனால் பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லோரும் சிரிக்கும் இடத்தில், "இங்கே யார் சிரிக்கவில்லை?" என்று கேட்க வேண்டும். "காரலைன் விழித்தெழுந்து நன்றாக யோசித்தால் என்ன நினைப்பாள்? டாங் தன் தாய்க்கு எழுதும் கடிதத்தில் இந்த இரண்டு நாட்களைப் பற்றி என்ன எழுதுவான்?" என்று கேட்க வேண்டும். பெண் குழந்தைகளைக் கேட்பதைவிடப் பையன்களைக் கேட்பது அவசியம். ஜேக் அந்த இரவில் செய்திருக்க வேண்டியது என்ன? காரலைன் மேல் ஒரு போர்வையைப் போர்த்தி, அவள் வீட்டாரை டெலிபோனில் கூப்பிட்டிருந்தால் போதும். உண்மையாகவே கதாநாயகன் ஆகியிருப்பான். படமும் இன்றைக்குப் புதிதாக இருந்திருக்கும்.

சமந்தாவின் பிறந்த நாளை மறந்ததற்காக அவளுடைய வீட்டாரிடம் கோபித்துக்கொள்ளும்படி ஹியூஸ் நமக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள்தான் இன்று அவருடைய படத்தின் மேல் கோபித்துக்கொள்கிறார்கள்.